அஞ்சு வருஷம் பொறுங்க! - தொரப்பள்ளிக்காரர் மகளும் காந்தி மகனும்

ஓசூர்னு சொன்னா இப்ப எல்லாருக்கும் என்ன ஞாபகம் வரும்? லேலண்டு, டிவிஎஸ், டைட்டன், அப்புறம் அத்திப்பள்ளி டிராபிக். எங்க அஞ்செட்டின்னா அதுவும் கிடையாது. காடு, யானை, ஒகேனக்கல் போற ரோடு, அவ்ளோதான். இந்த வட்டாரத்துக்கு ஒரு பெரிய காதல் கதையில பங்கு இருக்குன்னு சொன்னா, கூட வேலை பாக்குற பசங்க "எந்த படம் சார்?"னு கேக்குறாங்க. படம் இல்லப்பா, நிஜம். இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், டீ போட்டு வெச்சுக்கிட்டு வாங்க.

கதாநாயகி பேரு லட்சுமி. 1912-ல பிறந்தவங்க. அப்பா பேரு சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. ஆமாங்க, நம்ம ராஜாஜி. ஓசூர் பக்கத்துல இருக்கிற தொரப்பள்ளியில 1878 டிசம்பர் 10-ம் தேதி பிறந்தவர். அவரோட அப்பா அந்த ஊர் முன்சீப். அவர் பிறந்த வீடு இன்னைக்கும் நினைவு இல்லமா இருக்கு. அப்பல்லாம் கிருஷ்ணகிரி மாவட்டமும் கிடையாது, தர்மபுரி மாவட்டமும் கிடையாது. எல்லாமே சேலம் ஜில்லாதான். ஓசூர்ல பள்ளிக்கூடம், பெங்களூர்ல காலேஜ், சென்னையில சட்டம், சேலத்துல வக்கீல் தொழில்னு போனவர்.

கதாநாயகன் தேவதாஸ். (அந்த தேவதாஸ் இல்ல, இவர் தாடியும் வளக்கல, நாய்க்குட்டியும் வளக்கல.) காந்தியோட கடைசிப் பையன். 1900 மே 22-ம் தேதி தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல பிறந்தவர். தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்ல. 1918-ல சென்னையில காந்தி ஆரம்பிச்சு வெச்ச ஹிந்தி வகுப்புக்கு முதல் வாத்தியாரே இவர்தான். அதுதான் பின்னாடி தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபாவா வளந்துச்சு. (ஹிந்தி சண்டையை இங்க ஆரம்பிக்காதீங்க மக்களே, அது தனிப்பதிவு.)

<b>ரெண்டு அப்பாக்கள்</b>

காதலர்களை விட இந்தக் கதையில எனக்கு சுவாரஸ்யமா படறது ரெண்டு அப்பாக்கள்தான்.

காந்திக்கு கல்யாணம் ஆனப்ப வயசு 13. கஸ்தூர்பாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. ராஜாஜிக்கு 1897-ல கல்யாணம். பொண்ணு அலமேலு மங்கம்மாவுக்கு வயசு 10. ரெண்டு பேருக்கும் 'பிடிச்சிருக்கா?'ன்னு யாரும் கேக்கல. கேக்குற வழக்கமே அப்ப இல்ல. அலமேலு மங்கம்மா அஞ்சு பிள்ளைகளைப் பெத்துட்டு சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்துட்டாங்க. அப்ப லட்சுமி சின்னக் குழந்தை. ராஜாஜி மறுபடி கல்யாணம் பண்ணிக்கல.

1919 மார்ச்ல காந்தி சென்னைக்கு வந்து ராஜாஜி வீட்டுல தங்கினதுல இருந்து ரெண்டு பேருக்கும் நெருக்கம். அதுக்கப்புறம் வக்கீல் தொழிலை விட்டுட்டார். 1925 பிப்ரவரியில திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் ஆரம்பிச்சார். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்புன்னு அங்கதான் வாசம். சேலத்துல காரும் பங்களாவுமா இருந்திருக்க வேண்டிய வக்கீல் வீட்டுப் பொண்ணு அந்த ஆசிரமச் சூழல்ல வளந்துச்சு.

<b>1927</b>

அந்த வருஷம் மார்ச் கடைசியில காந்திக்கு ரத்த அழுத்தம் ஏறி உடம்பு ரொம்ப மோசமாயிடுச்சு. டாக்டர்கள் ஓய்வு எடுத்தே ஆகணும்னுட்டாங்க. நந்தி மலைக்குக் கூட்டிட்டு வந்து தங்க வெச்சாங்க. ஜூன்ல மலை இறங்கி பெங்களூர், அங்க ஆகஸ்ட் கடைசி வரைக்கும். நம்ம ஓசூர்ல இருந்து பஸ் ஏறினா போயிடற தூரம். ஏற்பாடுகளைக் கவனிச்சுக்கிட்டவர்கள்ல முக்கியமானவர் ராஜாஜி.

லட்சுமிக்கும் தேவதாஸுக்கும் காதல் அந்த வருஷத்துலதான். பொண்ணுக்கு வயசு 15. பையனுக்கு 27 முடிஞ்சு 28 நடக்குது.

இன்னைக்கு இதைப் படிக்கிறப்ப நமக்கு முதல்ல வயசுதான் உறுத்தும். உறுத்தணும். ஆனா அன்னைக்கு ஊருக்கு வயசு உறுத்தல. பெண்ணுக்குக் குறைஞ்சபட்ச கல்யாண வயசு 14-ன்னு சொன்ன சாரதா சட்டமே 1929-லதான் வந்துச்சு. 15 வயசுங்கறது அன்னைக்குக் கணக்குல 'இன்னும் வீட்டுல வெச்சிருக்கீங்களா?'ன்னு கேக்குற வயசு. ஊருக்கு உறுத்துனது வேற. பொண்ணு ஐயங்கார். பையன் குஜராத்தி பனியா. மொழி வேற, மாகாணம் வேற, சாதி வேற. அதுலயும் பொண்ணு 'மேல்', பையன் 'கீழ்'. சாஸ்திரத்துல இதுக்கு பிரதிலோமம்னு பேரு. பழைய சாஸ்திரக்காரங்க இதைத்தான் ரொம்பக் கடுமையா பேசுவாங்க. சாதி மாறி நடந்த இந்துக் கல்யாணம் எதுவும் சாதி காரணமா செல்லாமப் போகாதுன்னு தனியா ஒரு சட்டம் நாடு முழுக்க வர்றதுக்கு 1949 ஆச்சு.

ரெண்டு அப்பாக்களும் சேந்து உக்காந்து ஒரு முடிவு சொன்னாங்க. அஞ்சு வருஷம் பொறுங்க. அது வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கக் கூடாது. அதுக்கப்புறமும் இதே மனசு இருந்தா, நாங்களே கல்யாணம் பண்ணி வெக்கிறோம்.

<b>பொறுன்னா என்ன அர்த்தம்?</b>

முதல்ல படிச்சப்ப இது ஒரு பெரிய மனுஷத்தனமான 'முடியாது' மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு. நம்ம ஊர்லயும் அப்பாக்கள் சொல்லுவாங்க இல்ல, "படிப்பை முடி, அப்புறம் பாக்கலாம்". பாக்க மாட்டாங்க. பரீட்சை முடியறதுக்குள்ள அத்தைப் பையனுக்கு நிச்சயம் பண்ணியிருப்பாங்க. 'பொறு'ங்கற வார்த்தையை நம்ம ஆளுங்க பூட்டு மாதிரி உபயோகிக்கிறவங்க.

ஆனா இங்க நடந்ததை வருஷ வாரியா பாத்தா வேற ஒண்ணு தெரியுது.

1930 ஏப்ரல். ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு உப்பு காய்ச்ச நடக்கிறார். கைதாகி ஜெயில். 1931-ல தேவதாஸ் அப்பாவோட லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குக் கப்பல் ஏறுறார். 1932 வந்தா மறுபடி கைது, ஜெயில். நாடே அல்லோலகல்லோலம். இந்தக் களேபரத்துல 'அந்தப் பேச்சை அப்படியே மறந்துடலாம்'னு விட்டுடறது எந்த அப்பாவுக்கும் ரொம்ப சுலபம். யாரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டாங்க. தேசம் பெருசா, உன் காதல் பெருசான்னு கேட்டா பிள்ளைங்க வாயைத் திறக்க முடியுமா?

1932 செப்டம்பர். எரவாடா ஜெயில்ல காந்தி சாகும் வரை உண்ணாவிரதம். அம்பேத்கரோட பேச்சுவார்த்தை பூனாவுல நடக்குது. ஒப்பந்தம் செப்டம்பர் 24-ம் தேதி கையெழுத்தாகுது. அதுல கையெழுத்துப் போட்டவங்க பட்டியல்ல ராஜாஜியும் இருக்கார், தேவதாஸும் இருக்கார். அம்பேத்கரோட அரசியல் நிலைப்பாட்டுக்கு அந்த ஒப்பந்தம் நியாயம் பண்ணுச்சான்னு கேட்டா அது பெரிய விவாதம், இங்க வேண்டாம். நான் யோசிச்சது அந்த அறையைத்தான். பேச்சுவார்த்தை முறிஞ்சா அப்பா உயிர் போயிடும்ங்கற நிலைமையில ஒரு மகன். அதே பேச்சுவார்த்தைக்காக ஓடியாடற வருங்கால மாமனார். காத்திருப்புல அது நாலரை வருஷம் தாண்டின நேரம். அவங்க ரெண்டு பேரும் தனியா இருக்கிறப்ப லட்சுமி பேரை எடுத்திருப்பாங்களா? எடுத்திருக்க மாட்டாங்கன்னுதான் தோணுது. ஒருத்தரை ஒருத்தர் நம்பறவங்களுக்கு ஞாபகப்படுத்தல் தேவையில்லை.

<b>பர்ணகுடி</b>

1933 மே 8-ம் தேதி காந்தி மறுபடி ஒரு உண்ணாவிரதம். இந்தத் தடவை 21 நாள். அரசாங்கம் விடுதலை பண்ணிட்டதால பூனாவுல லேடி தாக்கர்சே வீடு, 'பர்ணகுடி'ன்னு பேரு, அங்க இருந்தார். மே 29-ம் தேதி உண்ணாவிரதம் முடிஞ்சுது. எலும்பும் தோலுமா படுக்கையில இருந்த அந்த நேரத்துல, ஜூன் 16-ம் தேதி, அதே வீட்டுல தேவதாஸுக்கும் லட்சுமிக்கும் கல்யாணம். தர்க்கதீர்த்த லட்சுமண சாஸ்திரி ஜோஷின்னு ஒரு பெரிய சமஸ்கிருதப் பண்டிதர் நடத்தி வெச்சார். மேளதாளம் இல்லாத எளிமையான கல்யாணம். 'ராஜாஜிகிட்ட இருந்து ஒரு ரத்தினத்தை எடுத்துக்கிட்டே, அதுக்குத் தகுதியா நடந்துக்கோ'ங்கற அர்த்தத்துல காந்தி மகனுக்குப் புத்தி சொன்னாராம்.

பொண்ணுக்கு இப்ப 21 வயசு. சொன்ன தவணை முடிஞ்சுது, சொன்ன சொல் நடந்துச்சு.

இங்கதான் எனக்கு விஷயம் புடிபட்டுச்சு. நம்பிக்கைன்னா பிள்ளைங்க பெரியவங்களை நம்பறதுன்னுதான் நமக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஆனா பிள்ளைங்க கையில என்ன இருக்கு? தடுக்கற அதிகாரம் பெரியவங்க கையில. அப்ப நம்பிக்கையைக் காப்பாத்த வேண்டியதும் அந்தக் கைதானே? அந்த அஞ்சு வருஷம் லட்சுமி-தேவதாஸுக்கு மட்டும் பரீட்சை இல்ல. அப்பாக்களுக்கும்தான். பத்து வயசுப் பொண்ணைக் கல்யாணம் பண்ணின மனுஷர், தன் பொண்ணை இருபத்தொரு வயசு வரைக்கும் வளரவிட்டு, அவ மனசு மாறலைன்னு தெரிஞ்சதும் சாதி பாக்காம ஒத்துக்கிட்டார். தன் இளமையில தனக்கு யாரும் குடுக்காத ஒண்ணைத் தன் பொண்ணுக்குக் குடுத்தார்.

<b>ஆனா மணிலாலுக்கு?</b>

இத்தோட முடிச்சா நல்ல கதை. ஆனா சரித்திரம் அவ்வளவு சுத்தமா இருக்காது இல்லையா.

தேவதாஸோட அண்ணன் மணிலால். தென்னாப்பிரிக்காவுல இருந்தவர். பாத்திமா கூல்ங்கற முஸ்லிம் பொண்ணை விரும்பினார். 1926-ல அப்பாகிட்ட அனுமதி கேட்டதுக்கு காந்தி கிட்ட இருந்து வந்த பதில் கடுமையான மறுப்பு. மதம் மாறின கல்யாணம் தர்மத்துக்கு விரோதம், சமூகத்துல கொந்தளிப்பு வரும், இப்படிப் போகுது. மணிலால் அடங்கிட்டார். அடுத்த வருஷமே, 1927 மார்ச்ல, சுசீலா மஷ்ருவாலாவோட அவருக்குக் கல்யாணம்.

பாருங்க, அண்ணனுக்கு 'முடியாது'. தம்பிக்கு 'பொறு'. ஒரே அப்பா, ஒண்ணு ரெண்டு வருஷ இடைவெளி.

காந்தி மாறிக்கிட்டே இருந்தவர்ங்கறதும் உண்மை. 1920-களோட ஆரம்பத்துல சாதிக்குள்ளயே கல்யாணம் பண்ற கட்டுப்பாட்டுக்கு ஆதரவா எழுதினவர்தான், 1932-ல அந்தக் கட்டுப்பாடு இந்து தர்மத்துல சேர்த்தி இல்லைன்னார். 1946 வாக்குல, மணமக்கள்ல ஒருத்தர் ஹரிஜனா இருந்தாத்தான் சேவாகிராம ஆசிரமத்துல கல்யாணத்துக்கு ஆசீர்வாதம்னு சொல்ற அளவுக்குப் போயிட்டார். நல்ல மாற்றம்தான். ஆனா அப்பா மாறி முடிக்கிற வரைக்கும் பிள்ளையோட இளமை காத்திருக்குமா? மணிலாலுக்குக் காத்திருக்கல. அந்த மணிலால் ஞாபகத்துல இருக்கட்டும், திரும்ப வருவார்.

<b>சம்பந்திச் சண்டை</b>

கல்யாணத்துக்கப்புறம் டெல்லி வாழ்க்கை. தேவதாஸ் ஹிந்துஸ்தான் டைம்ஸ் பத்திரிகைக்கு ஆசிரியர். தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரா, கோபாலகிருஷ்ணான்னு நாலு பிள்ளைங்க.

1942-ல பெரிய இடி. வெள்ளையனே வெளியேறு போராட்டம் கூடாதுங்கறார் ராஜாஜி. பாகிஸ்தான் கோரிக்கையை ஏத்துக்கிட்டு ஜின்னாவோட சமரசம் பண்ணுங்கங்கறார். நாடே அவரைத் திட்டுது. அந்த ஜூலையில காங்கிரஸை விட்டே விலகிட்டார். தன்னோட மனசாட்சிக் காவலர்னு காந்தி சொன்ன அதே மனுஷர்! நம்ம ஊர்ல சம்பந்திங்க பந்தியில அப்பளம் வெக்கலைன்னு பத்து வருஷம் பேசாம இருப்பாங்க. இவங்க சண்டை தேசத்தோட தலையெழுத்தைப் பத்தினது. ஆனா 1943-ல காந்தி ஆகாகான் மாளிகைச் சிறையில உண்ணாவிரதம் இருந்தப்ப ராஜாஜி போய்ப் பாத்தார். 1944 செப்டம்பர்ல காந்தி ஜின்னாவைப் பாக்கப் போனப்ப பேச்சுக்கு அடிப்படையா எடுத்துட்டுப் போனது ராஜாஜி திட்டத்தைத்தான்.

அதே 1944, பிப்ரவரி. அதே ஆகாகான் மாளிகையில கஸ்தூர்பாவுக்கு கடைசி நாட்கள். தேவதாஸ் எப்படியோ பென்சிலின் வரவழைச்சுட்டார். அன்னைக்கு அது கிடைக்கறதே அபூர்வம். காந்தி வேண்டாம்னுட்டார். சில மணி நேரத்துக்கு ஒரு ஊசி, அந்த நிலைமையில அந்தம்மாவைச் சித்ரவதை பண்ணாதேங்கறார். தேவதாஸ் வாதாடிப் பாத்துட்டு அடங்கிட்டார். பிப்ரவரி 22-ம் தேதி அம்மா போயிட்டாங்க. ஊசி போட்டிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு யாருக்கும் தெரியாது. ஆனா அந்தக் கேள்வியோட ஒரு மகன் அப்பா பக்கத்துல நின்னு அம்மாவுக்குக் காரியம் பண்ணினார். மன்னிப்புங்கறதை நான் பெரிய வார்த்தைகள்ல தேடினதில்ல, இந்த மாதிரி பக்கத்துல நிக்கறதுலதான் தேடறேன்.

<b>1949 நவம்பர்</b>

1948 ஜனவரி 30 எல்லாருக்கும் தெரியும். அந்த ஜூன்ல ராஜாஜி இந்தியாவோட கவர்னர் ஜெனரல் ஆகிறார். கோட்சே வழக்கு செங்கோட்டையில நடந்து, 1949 பிப்ரவரி 10-ம் தேதி தூக்குத் தண்டனை தீர்ப்பு. அப்பீல் தள்ளுபடி. மிச்சம் இருந்தது கருணை.

அந்தக் கருணையைக் கேட்டவங்கள்ல ரெண்டு பேர் யாரு தெரியுமா? காந்தியோட பிள்ளைங்க மணிலாலும் ராம்தாஸும். எங்க அப்பாவைக் கொன்னவனைத் தூக்குல போடாதீங்க. ஆமாம், அதே மணிலால். தன் காதலுக்கு 'முடியாது' சொன்ன அப்பாவோட கொள்கையை, அப்பா செத்த பிறகு அப்பாவைக் கொன்னவனுக்காகக் கடைப்பிடிச்சவர்.

நேரு, படேல், கவர்னர் ஜெனரல் ராஜாஜி, யாரும் ஒத்துக்கல. நவம்பர் 15-ம் தேதி அம்பாலா ஜெயில்ல கோட்சேவுக்கும் ஆப்தேவுக்கும் தூக்கு.

லட்சுமியை நெனச்சுப் பாருங்க. மன்னிக்கச் சொல்றவங்க புருஷனோட அண்ணன்மாருங்க. முடியாதுன்னவர் பெத்த அப்பா. செத்தது மாமனார். யார் பக்கம் நிப்பாங்க? ராஜாஜி மேலயும் எனக்குக் கோபம் வரல. தன் அப்பாவைக் கொன்னவனை மன்னிக்கிறது மகனோட உரிமை. ஆட்சியில உக்காந்திருக்கறவர் அதே மன்னிப்பை நாட்டுச் சார்புல குடுக்கலாமாங்கறது வேற கேள்வி. அந்தக் குடும்பத்துலயே இதுக்கு ஒரே பதில் இல்ல. லட்சுமியோட கடைசிப் பையன் கோபாலகிருஷ்ண காந்தி, தமிழ்நாட்டுல ஐஏஎஸ் அதிகாரியா இருந்து பிறகு மேற்கு வங்க கவர்னர் ஆனவர், தூக்குத் தண்டனையே கூடாதுன்னு 2016-ல ஒரு புத்தகமே எழுதினார். 2015-ல யாகூப் மேமனைத் தூக்குல போடாதீங்கன்னு ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதி வாங்கிக் கட்டிக்கிட்டவர். அம்மா வழித் தாத்தா குடுக்காததைப் பேரன் கேட்டுக்கிட்டிருக்கார்.

தேவதாஸ் 1957-ல போயிட்டார். இருபத்துநாலு வருஷ தாம்பத்யம். ராஜாஜி 1972-ல. லட்சுமி 1983 வரைக்கும் இருந்தாங்க.

<b>சரி, இதெல்லாம் எதுக்கு இப்ப?</b>

2018 நவம்பர்ல ஓசூர் பக்கத்து இளம் ஜோடி ஒண்ணு, சாதி மாறிக் கல்யாணம் பண்ணினவங்க, கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாங்க. உடல்கள் கர்நாடகப் பக்கம் காவிரியில கிடைச்சுது. பொண்ணோட அப்பாவும் சொந்தக்காரங்களும் கைதானாங்க. தொரப்பள்ளியும் ஓசூர் பக்கம்தான்.

2025 மார்ச்ல எங்க அஞ்செட்டி மலைக் கிராமத்துப் பொண்ணு ஒண்ணு, வயசு 14, இருபத்தொன்பது வயசு ஆளுக்குக் கட்டி வெச்சு, வரமாட்டேன்னு கதறினதைக் குண்டுக்கட்டா தூக்கிட்டுப் போன வீடியோவை நாடே பாத்துச்சு. போலீஸ் வழக்குப் போட்டுக் கைதும் பண்ணினாங்க. 14-ம் 29-ம். 1927-ல 15-ம் 28-ம். கிட்டத்தட்ட அதே கணக்கு. அன்னைக்குச் சட்டமே தடுக்காதப்ப ரெண்டு அப்பாக்கள் 'பொறு'ன்னாங்க. இன்னைக்குச் சட்டம் தடுத்தும் பொறுக்க ஆள் இல்ல.

ரெண்டு சம்பவத்துலயும் இல்லாமப் போனது ஒரே விஷயம்தான்: பொண்ணுக்கு ஒரு மனசு இருக்கு, அது வளரட்டும், வளந்து என்ன சொல்லுதோ அதைக் கேப்போம்ங்கற நம்பிக்கை. மன்னிப்பைப் பத்தி அந்தக் குடும்பங்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்ல. செத்தவங்க சார்பா மன்னிக்க நாம யாரு? ஆனா மன்னிக்க வேண்டிய அளவுக்குப் போகாம, முன்னாடியே நிறுத்தற இடம் ஒண்ணு இருக்கு. 'அஞ்சு வருஷம் பொறு, மனசு மாறலைன்னா நானே பண்ணி வெக்கிறேன்'னு சொல்லிட்டு, சொன்ன மாதிரியே பண்றது. அதுக்கு காந்தியா இருக்கணும்னு அவசியம் இல்ல. வார்த்தை மாறாத அப்பனா இருந்தாப் போதும்.

ஓசூர் பக்கம் வந்தா தொரப்பள்ளி வீட்டை ஒரு தடவை எட்டிப் பாருங்க. சின்ன வீடுதான். அங்க கவர்னர் ஜெனரலைப் பத்திச் சொல்ல நிறைய இருக்கும். நீங்க போறப்ப அந்த அப்பாவையும் கொஞ்சம் நெனச்சுக்கோங்க.

உங்க ஊர்ப் பக்கம் இப்படி 'பொறு'ன்னு சொல்லி, சொன்ன சொல்லைக் காப்பாத்தின அப்பா அம்மா யாராவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்கா. பேர் வேண்டாம், கதை போதும். நல்ல சேதியும் நாலு பேருக்குத் தெரியட்டும்.

பி.கு: ராஜாஜியோட குலக்கல்வித் திட்டம் பத்தித் திட்டணும்னு நினைக்கிறவங்க தாராளமா திட்டலாம். ஆனா அதுக்கு இன்னொரு பதிவு போடறேன், அது வரைக்கும்... பொறுங்க!